ரெக்டர், விகார், கியூரேட்: பழைய இங்கிலாந்தில் ஒரு பங்குக் குருவின் வாழ்வு

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றிய கதைகளையும் வரலாறுகளையும் தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் நேர்வதுண்டு. ரெக்டர், விகார், கியூரேட் ஆகிய மூவரையும் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் ‘பாதிரியார்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. ஒரு பாதிரியார் குதிரையும் பணியாட்களுமாக வசதியாக வாழ்கிறார். பக்கத்து ஊர்ப் பாதிரியாரோ நைந்துபோன அங்கியோடு இரண்டு மூன்று ஊர்களுக்கு அலைந்து வழிபாடு நடத்துகிறார். இருவரும் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள், பேராயரின் கையால் குருப்பட்டம் பெற்றவர்கள், ஒரே ஜெபப் புத்தகத்தை வாசிப்பவர்கள். அப்படியிருந்தும் இவ்வளவு ஏற்றத்தாழ்வு ஏன் என்பது கதைக்குள் எங்கும் விளக்கப்படுவதில்லை, ஏனெனில் அக்கால ஆங்கில வாசகருக்கு அதை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

விளக்கம் சமயக் கொள்கையில் கிடைக்காது, சொத்துச் சட்டத்தில் கிடைக்கும். இங்கிலாந்துத் திருச்சபையில் பங்குக் குருவின் பதவி ஓர் ஊழியமாக இருந்ததோடு, நிலத்தையும் வீட்டையும் போன்ற ஓர் உடைமையாகவும் இருந்தது. அந்த உடைமை யாரிடமிருந்து கிடைக்கிறது, எதிலிருந்து வருவாய் தருகிறது, யாருக்கு அதில் எந்த அளவு உரிமை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், அந்தக் குருமாரின் செல்வம், வறுமை, விருந்து, வழக்கு ஆகிய எல்லாமே புரியத் தொடங்கும்.

பங்கு என்றால் என்ன

பழைய இங்கிலாந்து முழுவதும் ஏறத்தாழ 10,000 பங்குகளாகப் பிரிந்திருந்தது. தென் தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகள் ‘சேகரம்’ என்றும் கத்தோலிக்கர் ‘பங்கு’ என்றும் சொல்லும் அமைப்புக்கு இணையானது இது என்றாலும், ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நம் ஊரில் ஒருவர் சபையில் உறுப்பினராகச் சேர்கிறார். இங்கிலாந்திலோ எல்லைக்குள் வாழ்ந்த ஒவ்வொருவரும், கோயிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும், அந்தப் பங்கைச் சேர்ந்தவராகவே கொள்ளப்பட்டார்.

மேலும், பங்கு என்பது ஊராட்சியும் கூட. 1555-ஆம் ஆண்டுச் சட்டம் சாலைகளைச் செப்பனிடும் பொறுப்பையும், 1601-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் வறியவர்களைக் காக்கும் பொறுப்பையும் பங்குகளிடம் ஒப்படைத்தன. கோயில் கண்காணிகளும் ஏழைகள் மேற்பார்வையாளர்களும் கூடி வரி விதித்துக் கணக்கு முடிக்கும் கூட்டத்துக்கு வெஸ்ட்ரி என்று பெயர். அதன் தலைமையில் அமரும் உரிமை பொதுவாகக் குருவானவருக்கு உரியது. ஆகவே ஊரில் யாருக்கு உதவிப் பணம் கிடைக்கும், யாருக்கு மறுக்கப்படும் என்ற பேச்சு நடக்கும் இடத்தில் அவரும் இருந்தார்.

மூன்று பெயர்கள், மூன்று வருவாய்கள்

தொடக்கத்தில் பங்கின் வருவாய் முழுவதும் அங்கே ஊழியம் செய்யும் குருவுக்கே சேர்ந்தது. இடைக்காலத்தில் பல பங்குகளின் உரிமையை மடங்கள் தம்வசமாக்கிக்கொண்டன. மடமே சட்டப்படி ரெக்டராகி, விளைச்சலில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு, வழிபாடு நடத்த ஒரு பதிலாளை அமர்த்தியது. ‘விகார்’ என்ற சொல்லுக்கு இலத்தீன் மூலத்தில் பதிலாள் என்பதே பொருள். 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அந்த வருவாய் உரிமைகள் குருமாருக்குத் திரும்பவில்லை. அரசரிடம் போய், அவரிடமிருந்து நிலப்பிரபுக்களுக்கும் பணக்காரர்களுக்கும் விற்கப்பட்டன. இவ்வாறு, குருப்பட்டமே பெறாத ஒருவர் ஒரு பங்கின் ரெக்டராக இருந்து, விளைச்சலில் பத்தில் ஒரு பாகமான தசமபாகத்தை வாங்கும் நிலை வந்தது. பிற்கால வறுமையில் பெரும்பகுதிக்கு ஊற்று இங்கேதான் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இதன் விளைவாக நிலைத்த பெயர்கள் இவை:

1. ரெக்டர்: பங்கின் தசமபாகம் முழுவதற்கும் உரியவர். தானியம், வைக்கோற்புல், மரம் ஆகியவற்றில் வரும் ‘பெரிய தசமபாகம்’ இவருடையது.

2. விகார்: பெரிய தசமபாகம் வேறொருவர் கையில் இருக்க, கம்பளி, ஆட்டுக்குட்டி, பன்றி, கோழி, முட்டை, பால், பழம் போன்றவற்றிலிருந்து வரும் ‘சிறிய தசமபாகத்தை’ மட்டும் பெறுபவர். சிறியவற்றைத் திரட்டுவதுதான் கடினம். களத்தில் கிடக்கும் கோதுமைக் கட்டுகளை எண்ணிவிடலாம். நூறு வீட்டு முட்டைகளை எண்ண முடியாது.

3. கியூரேட்: ரெக்டரோ விகாரோ தமக்குப் பதிலாகச் சம்பளத்துக்கு அமர்த்தும் குரு. தசமபாகத்தில் உரிமை இல்லை, பதவியிலும் உறுதி இல்லை. ஆன் அரசியின் ஆட்சிக் கடைசியில் வந்த ஒரு சட்டம் இவருடைய ஆண்டுச் சம்பளம் 20 முதல் 50 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. 1796-இல்தான் அந்த உச்சவரம்பு 75 பவுண்டாக உயர்ந்தது.

முதல் இருவரின் பதவிக்கு ‘குருவின் நிலவுரிமை’ என்ற பாதுகாப்பு உண்டு. நீதிமன்றத் தீர்ப்பின்றிப் பேராயரே நினைத்தாலும் அவர்களை வெளியேற்ற முடியாது. கியூரேட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே ஊர்க் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஒரே ஊர் முதியவர்களை அடக்கம் செய்த ஒருவர், தம்மை அமர்த்திய ரெக்டர் இறந்ததும் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கலாம்.

பதவி எப்படிக் கிடைத்தது

ஒவ்வொரு பங்குக்கும் குருவை முன்மொழியும் உரிமை ஒரு புரவலரிடம் இருந்தது. அரசர், பேராயர், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள், உள்ளூர் நிலப்பிரபு என யாரும் புரவலராக இருக்கலாம். இந்த முன்மொழியும் உரிமையே விற்கவும் வாங்கவும் உயில் எழுதவும் கூடிய சொத்து. ஒரு தந்தை தம் இளைய மகனுக்காக அதை விலைக்கு வாங்கி வைப்பது வெளிப்படையாக நடந்தது. பதவி காலியாக இருக்கும்போது அந்த முறைக்கான உரிமையைப் பணத்துக்குக் கொடுப்பது ‘சீமோனியம்’ என்னும் குற்றம். பதவியில் இருப்பவர் உயிரோடு இருக்கும்போதே அடுத்த முறைக்கான உரிமையை விற்பதற்கு மட்டும் சட்டம் இடம் கொடுத்தது. சட்டத்தின் இந்த நுணுக்கம் அன்றைய மனச்சாட்சியுள்ள குருமாரையே உறுத்தியதில் வியப்பில்லை.

முன்மொழியப்பட்டவர் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பட்டதாரி. தனியான இறையியல் கல்லூரிகள் அப்போது இல்லை. 23 வயதில், குருவுக்கு முந்தைய நிலையான டீக்கனாகவும் 24 வயதில் குருவாகவும் பட்டம் பெறலாம். பேராயர் அவரைத் தேர்வு செய்து ஆத்துமாக்களின் பொறுப்பை ஒப்படைப்பார். பின்னர் பேராயருக்கு அடுத்த நிலை அதிகாரியான ஆர்ச்டீக்கனோ அவருடைய பிரதிநிதியோ புதியவரின் கையைக் கோயில் கதவின் சாவியில் வைத்து உடைமையை ஒப்படைப்பார். உடனே அவர் கோயில் மணியை அடிக்க வேண்டும். ஊழியத்தைப் பேராயர் கொடுக்கிறார், சொத்தை இந்தச் சாவியும் மணியும் கொடுக்கின்றன. இரண்டும் தனித்தனிச் சடங்குகளாக இருந்தது இந்தப் பதவியின் இரட்டை இயல்புக்குத் தெளிவான சான்று.

கல்லூரிப் புரவலர் முறை எவ்வளவு விசித்திரமான முடிச்சுகளைப் போட்டது என்பதற்கு இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் வொயிட் (1720–1793) நல்ல எடுத்துக்காட்டு. ஹாம்ப்ஷயரில் உள்ள செல்போர்ன் அவருடைய பிறந்த ஊர். அவருடைய பாட்டனார் அங்கே விகாராக இருந்தவர். ஆனால் செல்போர்ன் பங்கின் புரவலர் ஆக்ஸ்போர்டின் மாட்லின் கல்லூரி. வொயிட்டோ அங்கேயே உள்ள ஓரியல் கல்லூரியின் ஆய்வுறுப்பினர். ஆகவே அவர் எவ்வளவு விரும்பினாலும் செல்போர்னில் விகாராக முடியாது. நார்தாம்ப்டன்ஷயரில் தம் கல்லூரிக்குச் சொந்தமான மோர்ட்டன் பிங்க்னி பங்கின் வருவாயைப் பெற்றுக்கொண்டு, அங்கே வாழாமல், செல்போர்னிலும் அண்டை ஊரிலும் வெறும் கியூரேட்டாகவே பணிபுரிந்தார். தாம் வருவாய் பெற்ற ஊரில் அவர் இல்லை, தாம் வாழ்ந்த ஊரில் அவர் விகார் இல்லை. செல்போர்னின் பறவைகளையும் ஆமையையும் பற்றி அவர் எழுதி 1789-இல் வெளிவந்த நூல் இந்த ஏற்பாட்டின் நிழலில் பிறந்தது. ஒரு பங்கின் வருவாயை இன்னோர் ஊரில் இருந்தபடி பெறுவது அன்று தனிமனிதக் குறையாக மட்டும் பார்க்கப்படவில்லை என்பதை இதிலிருந்து உணரலாம்.

தசமபாகம்: காணிக்கை அல்ல, சட்டப்படியான கடன்

தமிழ்க் கிறிஸ்தவர் ‘தசமபாகம்’ என்ற சொல்லை வேதாகமத்திலிருந்து அறிவார்கள். நம் சபைகளில் அது விரும்பிக் கொடுக்கும் காணிக்கை. பழைய இங்கிலாந்தில் அது நிலத்தின் மீது ஏறியிருந்த கடன். நிலத்தைப் பயிரிடுபவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும், விளைச்சலில் பத்தில் ஒரு பாகத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். மனச்சாட்சியின் பேரில் கொடுக்க மறுத்த குவேக்கர்களின் (இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே தனிச் சபையாக இருந்தவர்கள்) கால்நடைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் பறிமுதல் செய்யப்பட்டன. சிலர் சிறைக்கும் போனார்கள்.

உழவர்களின் கோபத்தைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருடைய நிலத்தில் 100 பவுண்டு மதிப்புள்ள தானியம் விளைகிறது என்றும், விதை, எரு, கூலி, குத்தகை எல்லாம் சேர்ந்து 80 பவுண்டு செலவு என்றும் வைத்துக்கொள்வோம். அவருக்கு மிஞ்சுவது 20 பவுண்டு. தசமபாகம் மிச்சத்தின் மீது கணக்கிடப்படுவதில்லை, மொத்த விளைச்சலின் மீது கணக்கிடப்படுகிறது. ஆகவே குருவுக்குப் போவது 10 பவுண்டு, அதாவது உழவரின் ஆதாயத்தில் சரிபாதி. வடிகால் வெட்டி, கூடுதல் எருவிட்டு அவர் விளைச்சலைப் பெருக்கினால், அந்தச் செலவில் ஒரு காசும் போடாத ஒருவருக்குப் பெருகியதிலும் பத்தில் ஒன்று போகும். வேளாண்மை வேகமாக முன்னேறிய பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் குறை ஏன் முற்றியது என்பது இப்போது விளங்கும்.

தசமபாகத்தைத் திரட்டும் வழிகளும் பல. பொருளாகவே வாங்கிக் களஞ்சியத்தில் சேர்க்கலாம். அதற்கு வண்டி, ஆள், களஞ்சியம் எல்லாம் வேண்டும். அறுவடை நாளில் ஒவ்வொரு வயலிலும் பத்தாவது கட்டைக் குறித்து வைக்க ஒருவர் நிற்க வேண்டும். வசூல் உரிமையை ஒருவருக்குக் குத்தகைக்கு விடலாம். ஆண்டுதோறும் உழவர்களோடு பேசி ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்ளலாம். சில பொருள்களுக்குப் பழைய வழக்கப்படி என்றோ நிர்ணயித்த ஒரு சிறு தொகையே நிலைத்துவிட்டதும் உண்டு. விலைவாசி ஏற ஏற அந்தத் தொகை மதிப்பிழந்தது. மாற்ற முயன்ற குருவானவர் வழக்காடுபவர் என்ற பெயரைச் சம்பாதித்தார். உருளைக்கிழங்கு, டர்னிப், ஹாப்ஸ் போன்ற பயிர்கள் வயலுக்கு வந்தபோது, அவை பெரிய தசமபாகமா சிறியதா என்று ரெக்டரின் வழக்கறிஞரும் விகாரின் வழக்கறிஞரும் மோதினார்கள்.

இந்த முறையின் உண்மையான கொடுமை என்று நான் கருதுவது பண இழப்பை விட ஆழமானது. ஞாயிறன்று ஒருவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவரே திங்களன்று அவருடைய களத்தில் கட்டுகளை எண்ண வேண்டியிருந்தது. உரிமையை விட்டுக்கொடுத்தால் தம் குடும்பத்துக்கும் தமக்குப் பின் வரும் குருவுக்கும் நட்டம். வற்புறுத்தினால் ஊரோடு பகை. நல்ல மனிதர்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கித் தவித்தார்கள்.

தசமபாகத்தோடு, பதவிக்கென ஒதுக்கப்பட்ட மானிய நிலமும் உண்டு. குருவானவர் அதைத் தாமே பயிரிடலாம், குத்தகைக்கும் விடலாம். பொதுநிலங்களை வேலியிட்டுப் பிரித்த சட்டங்கள் வந்தபோது பல ஊர்களில் தசமபாகத்துக்கு ஈடாக நிலமே கொடுக்கப்பட்டது. அவ்வகையில் பெரும் நிலக்காரர்களான குருமார் பலர் நீதிபதிகளாகவும் அமர்ந்து, கோழி திருடியவருக்குத் தண்டனை வழங்கும் இடத்துக்கு வந்தார்கள். ஏழைகள் அவர்களிடமிருந்து விலகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெஸ்டன் லாங்வில்லில் ஒரு ரெக்டர்

இவையெல்லாம் ஒரு மனிதரின் அன்றாடத்தில் எப்படிக் கலந்திருந்தன என்பதைக் காண ஜேம்ஸ் உட்ஃபோர்டின் நாட்குறிப்பு உதவுகிறது. சாமர்செட்டில் 1740-இல் பிறந்த அவர், ஆக்ஸ்போர்டு நியூ கல்லூரியில் ஆய்வுறுப்பினராக இருந்தார். 1774-ஆம் ஆண்டின் இறுதியில் கல்லூரி உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் வென்று, நார்ஃபோக் மாவட்டத்தில் நாரிச் நகரத்துக்கு அருகிலுள்ள வெஸ்டன் லாங்வில் பங்கைப் பெற்றார். 1776-இல் அங்கே குடியேறி, 1803 ஜனவரி 1 அன்று இறக்கும் வரை ரெக்டராக இருந்தார். ஆண்டு வருவாய் ஏறத்தாழ 400 பவுண்டு. ஒரு கியூரேட்டின் சம்பளத்தைப் போலப் பத்து மடங்கு இது. அவர் வீட்டில் ஐந்து பணியாட்கள் இருந்தார்கள்.

உட்ஃபோர்டு தசமபாகத்தைப் பொருளாக வாங்கவில்லை, பணமாக வாங்கினார். அதற்கென ஆண்டுதோறும் டிசம்பரில் ஒரு நாள். 1776 டிசம்பர் 3 அன்று நடந்த முதல் கூடுகையில் உழவர்கள் கொண்டுவந்து கொடுத்த தொகை 236 பவுண்டு 2 ஷில்லிங் என்று குறித்திருக்கிறார். பணம் கொடுத்தவர்களுக்கு மாட்டிறைச்சி வறுவல், வேகவைத்த ஆட்டுத்தொடை, பிளம் புட்டிங், ஒயின், ரம், பீர் என்று பெரிய விருந்து. இதை வெறும் தாராள மனம் என்று படிப்பவர் பாதியைத்தான் படிக்கிறார். கசப்பான ஒரு வசூலைப் பகை இல்லாமல் முடிப்பதற்கு அந்த விருந்து தேவைப்பட்டது. அதே சமயம் அது வெறும் தந்திரமும் அன்று: கிறிஸ்துமஸ் நாளில் ஊரின் வறிய முதியவர்களைத் தம் வீட்டில் உணவருந்தச் செய்து ஆளுக்கொரு ஷில்லிங் கொடுத்தனுப்பியதும், புனித தோமா நாளான டிசம்பர் 21 அன்று ஏழைகளுக்கு ஆறு பென்ஸ் வீதம் கொடுத்ததும், வாலண்டைன் நாளில் சிறுவர்களுக்கு ஒரு பென்னி வீதம் கொடுத்ததும் ஆண்டு தவறாமல் அந்த நாட்குறிப்பில் வருகின்றன.

சமயப் பணியின் அளவு இன்றைய வாசகருக்குக் குறைவாகத் தோன்றும். சிற்றூர்களில் ஞாயிறுக்கு ஒரு வழிபாடு, ஒரு வாரம் காலையில் என்றால் மறு வாரம் பிற்பகலில். திருவிருந்து பொதுவாக ஆண்டுக்கு நான்கு முறை. இதை வைத்து அவர்களைச் சோம்பேறிகள் என்று முடிவுகட்டிய பிற்காலத்தார் பலர். நோயாளியைப் பார்க்கப் போனது, வீட்டு வாசலில் வந்து கேட்டவருக்குக் காசு கொடுத்தது, எந்தக் கால நிலையிலும் அடக்க ஆராதனைக்குப் போய் நின்றது ஆகியவையும் அதே நாட்குறிப்பில் இருப்பதை அவர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை.

பதிவேடு: அரசுக்காக எழுதிய கை

1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் பிறப்பித்த ஆணை, ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்யச் சொன்னது. அன்று முதல் குருவானவர் அரசின் எழுத்தருமானார். அடுத்தடுத்த சட்டங்கள் அந்தச் சுமையைக் கூட்டின:

1. கம்பளித் தொழிலைக் காக்க 1666-இலும் 1678-இலும் வந்த சட்டங்களின்படி, பிணத்தை ஆங்கிலக் கம்பளித் துணியில் மட்டுமே அடக்க வேண்டும். எட்டு நாளுக்குள் அதற்கான சத்தியப் பிரமாணம் குருவிடம் வர வேண்டும். இல்லையேல் 5 பவுண்டு அபராதம். இந்தச் சட்டம் 1814 வரை புத்தகத்தில் இருந்தது.

2. 1754 முதல் 1837 வரை, குவேக்கர்களும் யூதர்களும் தவிர மற்ற எல்லோரும், கத்தோலிக்கர் உட்பட, இங்கிலாந்துத் திருச்சபையின் கோயிலில்தான் சட்டப்படி மணமுடிக்க முடிந்தது.

3. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி. வசூலிக்க வேண்டியவர் குருவானவர். வறியவர்களுக்கு விலக்கு உண்டு.

துக்க வீட்டில் சத்தியப் பிரமாணம் கேட்பதும், பிறந்த குழந்தைக்கு வரி கேட்பதும் அவருடைய ஊழியத்துக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

வீடும் விதவையும்

குருமனை பதவியோடு சேர்ந்தது, குடும்பத்துக்குச் சொந்தமானது அல்ல. குருவானவர் இறந்தால் மனைவியும் மக்களும் வெளியேற வேண்டும். அதோடு நிற்கவில்லை. குருமனைக்கும், ரெக்டர் என்றால் கோயிலின் பீடப்பகுதிக்கும், நேர்ந்த பழுதுகளைச் சரிசெய்யும் செலவை இறந்தவரின் சொத்திலிருந்து புதிய குருவானவர் சட்டப்படி கோரலாம். கணவரை இழந்த பெண், இருக்கும் வீட்டை இழக்கும் அதே வாரங்களில், அந்த வீட்டின் ஒழுகும் கூரைக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. நிலையான ஓய்வூதியம் எதுவும் கிடையாது. சில மறைமாவட்டங்களில் குருமாரின் விதவைகளுக்கென அறக்கட்டளைகளும் இல்லங்களும் தோன்றியதற்குக் காரணம் இதுதான்.

வருவாய் இருந்தவர்களும் தப்பவில்லை. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தந்தையான சாமுவேல் வெஸ்லி, லிங்கன்ஷயரில் எப்வொர்த் பங்கின் ரெக்டர். 1705-இல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1709-இல் அவருடைய குருமனை எரிந்து சாம்பலானது, சிறுவன் ஜான் சன்னல் வழியாகக் காப்பாற்றப்பட்டான்.

வறிய பங்குகளுக்கு ஒரே பெரிய உதவி 1704-இல் வந்தது. புதிய குருவின் முதலாண்டு வருவாயும், பின்னர் ஆண்டுதோறும் அதில் பத்தில் ஒன்றும் ஒரு காலத்தில் போப்புக்குப் போயின. 1534-இல் எட்டாம் ஹென்றி அதைத் தம் கருவூலத்துக்குத் திருப்பிக்கொண்டார். ஆன் அரசி அந்தத் தொகையை விட்டுக்கொடுத்து, வறிய பங்குகளின் வருவாயைக் கூட்டும் நிதியாக்கினார். ஆண்டுக்கு 50 பவுண்டும் வராத பங்குகள் ஆயிரக்கணக்கில் இருந்ததால் அந்த நிதி மெதுவாகவே பயன் தந்தது.

உடைமை எப்படிக் கரைந்தது

மாற்றம் 1830-களில் விரைந்து வந்தது. 1836-ஆம் ஆண்டுச் சட்டம் தசமபாகத்தைப் பணமாக மாற்றி, கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் ஏழாண்டுச் சராசரி விலையோடு அதைப் பிணைத்தது. களத்தில் கட்டு எண்ணும் வழக்கம் இதனோடு ஒழிந்தது. 1837-இல் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது. 1838-இல், ஒருவர் இரண்டுக்கு மேற்பட்ட பங்குகளை வைத்திருப்பதும், பத்து மைலுக்கு அப்பாலுள்ள இன்னொன்றைச் சேர்த்து வைத்திருப்பதும் தடை செய்யப்பட்டன. 1868-இல் கட்டாயக் கோயில் வரி நீங்கியது.

பணமாக மாறிய தசமபாகம் மட்டும் நீண்ட காலம் தங்கியது. 1930-களின் விலைவீழ்ச்சியில் அதைக் கட்ட முடியாத உழவர்கள் கிழக்கு, தென்கிழக்கு மாவட்டங்களில் பறிமுதலை எதிர்த்துத் திரண்டார்கள். 1936-இல் சட்டம் அதை ஒழித்து, நிலக்காரர்கள் அரசுக்கு அறுபது ஆண்டுத் தவணையாகக் கட்டச் சொன்னது. அந்தத் தவணையும் 1977-இல் முன்கூட்டியே முடிக்கப்பட்டது.

மடங்களிலிருந்து தனியாருக்குப் போன ரெக்டர் உரிமையின் ஒரு துண்டு இன்னும் உயிரோடு இருந்தது என்பது பலருக்கு 2003-இல்தான் தெரிந்தது. வார்விக்ஷயரில் ஒரு பண்ணை நிலத்துக்கு உரியவர்களான தம்பதியர், அந்நிலத்தோடு ஒட்டியிருந்த ரெக்டர் பொறுப்பின் காரணமாக ஊர்க் கோயிலின் பீடப்பகுதியைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்க வேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தொடக்கத்தில் கோரப்பட்ட தொகை ஏறத்தாழ 95,000 பவுண்டு. இத்தகைய பொறுப்புகளை 2013 அக்டோபருக்குள் நிலப் பதிவில் ஏற்ற வேண்டும், இல்லையேல் அதன்பின் நிலத்தை விலைக்கு வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று பின்னர் விதி செய்யப்பட்டது. குருவின் நிலவுரிமை என்ற பழைய பாதுகாப்பும், 2011 ஜனவரி 31 முதல் புதிதாகப் பதவியேற்பவர்களுக்குக் கிடையாது. அவர்கள் பணி விதிகளின் கீழ் நியமிக்கப்படுகிறார்கள். அதற்கு முன் அந்த உரிமையைப் பெற்றவர்கள், விரும்பினால் தம் பங்கை விட்டுப் போகும் நாள் வரை அதை வைத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது.